ஆள் கொண்டுவந்தவர்

ஜனவரி 6, திங்கள்

நகராட்சியின் பாரம்பரியப் பிரிவில் இன்று சேர்ந்தேன். பிரிவு என்பது ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி. போன மாதம் வரை இங்கே பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து சன்னலில் தலைகள். "சர்ட்டிபிகேட் இங்கதானம்மா?" பதினோரு பேரை மாடிக்கு அனுப்பினேன்.

பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடம் வரலாறு நடத்தியதற்குக் கிடைத்த ஆறு மாத அயல்பணி. ஆணையர் பரக்கத் பேகம் என்னைவிடப் பத்து வயது இளையவர். சுற்றி வளைக்காமல் பேசுகிறார்.

"டீச்சர், பாரம்பரிய நகரம்னு ஒரு திட்டம் வந்திருக்கு. நாலு ஊர் போட்டி, ஒரு ஊருக்குத்தான் இடம். மார்ச் இருபது தேர்வுக் குழு வருது. நம்ம சங்குப்பட்டினத்துல கோயில் இருக்கு, தர்கா இருக்கு, வெள்ளைக்காரன் கட்டுன சர்ச்சும் இருக்கு. மத்த மூணு ஊர்லயும் அதெல்லாம் இருக்கு. நம்மகிட்ட மட்டும் என்ன இருக்கு? அத எனக்குச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் பயணிகள் நடந்து பார்க்கத் தகுந்த ஒன்பது இடங்களை எழுதினேன். நான்காவது, கப்பல்காரர் வீடு. அது எங்கள் வீடு. இப்போது அண்ணன் இருக்கிறார். சொந்த வீட்டைச் சேர்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கொள்ளுப்பாட்டனார் வேதாசலம் பினாங்குக்கு அரிசிக் கப்பல் விட்டவர். ஊரில் அத்தனை பெரிய வீடு வேறு இல்லை. சேர்க்காவிட்டால்தான் தப்பு.

ஏழாவது, ஆற்று முகத்தில் இருக்கும் பெரிய சரக்குக் கிட்டங்கி. நகராட்சிக்குச் சொந்தமானது. உடைந்த குப்பை வண்டிகளும் கொசு மருந்து எந்திரங்களும் கிடக்கின்றன. அது இருப்பது டிப்போத் தெரு. பஸ் டிப்போ எதுவும் அங்கே கிடையாது. பிறந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஏன் என்று கேட்டதில்லை. வரலாறு டீச்சர்!

ஜனவரி 10, வெள்ளி

சென்னையிலிருந்து ஆலோசகர் வந்தார். நிவேதன், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். வெயிலில் ஒன்பது இடங்களையும் நடந்தே பார்த்தார். அது எனக்குப் பிடித்தது. கிட்டங்கி வாசலில் நின்று காற்றை முகர்ந்தார்.

"மேடம், இது மிளகுக் கிட்டங்கிதானே?"

"மிளகு வெச்சிருந்ததா எந்த ஆதாரமும் நான் பாக்கல."

"ஆதாரம் யார் மேடம் கேக்கப் போறாங்க? 'வாசனைக் கிட்டங்கி'ன்னு பேர் வெச்சா ஜனங்க வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே மணம் வந்துடும். ஒரு ஊருக்கு ஒரு கதைதான் இருக்கணும். நம்ம கதை, கடல் தந்த செல்வம்."

ஆதாரம் இல்லாமல் என் பெயரில் கையேடு வராது என்று சொல்லிவிட்டேன். முகம் வாடியது. மாலையில் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அண்ணன் வீட்டில் சாப்பாடு. முன்கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவுகளுக்கு எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறார். வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு முன்கட்டின் இரண்டு அறைகளையும் விடப் போகிறாராம்.

"பாப்பா, வீட்டு வாசல்ல நகராட்சி போர்டு வெக்குமா?"

"வெக்கும்ணே."

"பெரிய எழுத்துல வெக்கச் சொல்லு. எனக்கே கண்ணு தெரியல."

ருக்மணி அண்ணி சிரித்தார். அப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்கு இருபத்து நான்கு. அவர் படிப்பை நிறுத்திவிட்டு அரிசி மண்டியில் உட்கார்ந்தார். நான் பி.எட். வரை படித்தேன். அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது.

ஜனவரி 24, வெள்ளி

மலேசியாவிலிருந்து ஒரு போன். பூங்காவனம் என்று பெயர், தைப்பிங் ஊர், அறுபத்தேழு வயது. நகராட்சி எண்ணைத் தேடிப் பிடித்து, மூன்று பிரிவுகளைக் கடந்து என்னிடம் வந்திருக்கிறார்.

"எங்க பூட்டன் பேரு மாரி. பத்தொம்பது வயசுல மலாயாத் தோட்ட வேலைக்கு உங்க ஊர்லதான் கப்பல் ஏறுனாரு. தோட்டத்துல குடுத்த சீட்டு ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. அதுல சங்குப்பட்டினம் டிப்போன்னு போட்டிருக்கு. ஆளுங்கள வெச்சிருந்த இடமாம். அப்படி ஒரு இடம் இன்னும் இருக்கா டீச்சர்?"

டிப்போ என்று அவர் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இருக்கிறது என்றேன். பத்து நாளில் வருகிறாராம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பூங்காவனம் அம்மா வந்தார். சின்ன உருவம், குட்டை முடி, கான்வாஸ் ஷூ. தைப்பிங் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் நர்ஸ். "எங்க ஊர்ல நர்ஸம்மாவ மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க" என்றார்.

கிட்டங்கிக்கு அழைத்துப் போனேன். குப்பை வண்டிகளை நேற்றே வெளியே இழுத்துப் போடச் செய்திருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் அழுவார்கள் என்று நினைத்து கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். அவர் அழவில்லை. சுவரோரமாக அடியெடுத்து நடந்து நீளத்தை எண்ணினார். பிறகு அகலத்தை.

"என் வார்டு இந்த அளவுதான் டீச்சர். பதினாறு கட்டில் போட்டிருந்தோம். பதினேழாவது போட்டா மெட்ரன் கத்துவாங்க. இங்க எத்தன பேர வெச்சிருந்தாங்க?"

தெரியவில்லை என்றேன்.

"கப்பல் வர்ற வரைக்கும் எத்தன நாளு?"

அதுவும் தெரியவில்லை.

அவர் மேலே பார்த்தார். சன்னல்கள் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்தில், கம்பி போட்டு. அரிசி மூட்டைக்கும் மிளகு மூட்டைக்கும் கம்பி எதற்கு? நாற்பது வருடமாக இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகிறேன். இன்றுதான் சன்னலைப் பார்த்தேன்.

"ஒரு பேரேடு இருக்கணும்" என்றார் மிஸ்ஸி. "ஆள அனுப்புனவன் கணக்கு எழுதாம இருக்க மாட்டான். தேடிப் பாருங்க."

தேடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பழைய துறைமுக அலுவலகத்தை மூடியபோது அங்கிருந்த கட்டுகள் நகராட்சி ஆவண அறைக்கு வந்தன என்று பதிவறை எழுத்தர் சொன்னார். மூன்று நாள் தூசி. இன்று பிற்பகல் கிடைத்தது. ஐந்து பேரேடுகள், 1886 முதல் 1891 வரை. தமிழ்க் கையெழுத்து, நல்ல மசி.

மாரி இருக்கிறார். இரண்டாம் பேரேடு, பக்கம் 41. மாரி, தகப்பன் சின்னான், வயது 19, ஊர் கீழவெண்ணி. குறிப்பு: ஓடிப்போய்ப் பிடிபட்டு, கப்பல் ஏறினான்.

மொத்தம் ஏழு கட்டங்கள். மற்றவை பிறகு.

பிப்ரவரி 8, சனி

வண்டிக்கு ஆயில் மாற்றினேன். வடகம் பிழிய அரிசி களைந்து ஊறப் போட்டேன். தலைவலி.

பிப்ரவரி 9, ஞாயிறு

வடகம் காய்கிறது. காக்கை விரட்டினேன். அண்ணன் போன் செய்தார், எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மிஸ்ஸிக்கு மாரியின் வரியைப் படம் எடுத்து அனுப்பினேன். தேவையான பகுதி மட்டும்.

பிப்ரவரி 12, புதன்

நிவேதனிடம், கிட்டங்கிக்கு அவர் சொன்ன பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"வாசனைக் கிட்டங்கியா? நீங்கதானே மேடம் வேணாம்னு அவ்ளோ சண்ட போட்டீங்க?"

"காலம் குறைவா இருக்கு. வேற வேலை நிறைய கிடக்கு."

சரி என்று எழுதிக்கொண்டார். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

பிப்ரவரி 15, சனி

விடுமுறை என்றாலும் அலுவலகம் போனேன். பேரேடுகளைத் திருப்பிக் கட்டி வைக்கத்தான் போனேன். உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பதினான்கு வயதில் நாற்பது பேருக்கு மேல். கப்பல் ஏறுமுன் கிட்டங்கியிலேயே பேதியில் இறந்தவர்கள் ஐம்பத்தெட்டு. அதில் செல்லாயி என்ற ஒருத்தியின் பெயருக்குக் கீழே "கைக்குழந்தையும்" என்று மட்டும் இருக்கிறது. குழந்தைக்கு வரிசை எண் கொடுக்கவில்லை.

பகலில் சாப்பிட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மிஸ்ஸி போன் செய்தார்.

"டீச்சர், படம் கெடச்சது. வீட்டுல எல்லாருக்கும் காட்டுனேன். ஆனா ஓரத்துல ஒரு கட்டம் வெட்டியிருக்கு. நாங்க நர்சுங்க. சார்ட்டுல ஒரு கட்டம் மறஞ்சா கண்ணுல பட்டுடும்."

"அந்த ஓரம் ஈரத்துல அழிஞ்சு போச்சும்மா. ஒண்ணும் தெரியல."

"அப்படியா? பரவால்ல டீச்சர். நீங்க இவ்ளோ தேடிக் குடுத்ததே பெருசு" என்றார்.

அவர் நன்றி சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 19, புதன்

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை, இருந்தும் பதினோரு நாளாக இந்த நோட்டில்கூட எழுதாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓரம் அழியவில்லை. ஐந்து பேரேட்டிலும் மிகத் தெளிவாக இருப்பது அந்தக் கட்டம்தான். தலைப்பு: ஆள் கொண்டுவந்தவர். மாரியின் வரிசையில்: சங்குப்பட்டினம் வேதாசலம். செல்லாயியின் வரிசையிலும் அதுவே. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் எண்ணூற்று எழுபத்தாறு வரிசையில் அதே பெயர். சில பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை அது ஒன்றுதான்.

எங்கள் கப்பலில் அரிசி போகவில்லை.

மிஸ்ஸிக்கு மாரி பூட்டன். எனக்கு வேதாசலம் பூட்டன். அவர் பேரனின் மகள் கேட்டாள், இவர் பேரனின் மகள் பொய் சொன்னாள். அறுபத்தேழு வயது மனுஷியிடம், அத்தனை தூரம் வந்தவரிடம்.

நாளை ஆணையரைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பேரேட்டை மேசையில் விரித்து, யார் இந்த வேதாசலம் என்பதையும் சொன்னேன். பேகம் மேடம் அரை மணி நேரம் பக்கங்களைத் திருப்பினார். வெளியே காத்திருந்தவர்களைப் பிறகு வரச் சொன்னார்.

"இப்ப என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?"

"எல்லாப் பேரையும் எழுதி கிட்டங்கிக்குள்ள வெக்கணும் மேடம். ஏழு கட்டமும். எந்தக் கட்டத்தையும் விடாம."

"குழுவுக்குப் பிடிக்காமப் போகலாம். போட்டியில தோக்கலாம்."

"தோக்கலாம்."

"நம்மகிட்ட மட்டும் என்ன இருக்குன்னு கேட்டேன். இதுதான் இருக்கு போல" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் டீச்சர். போர்டுல எழுதி வெச்சுட்டு நீங்க பின்னால நிக்கக் கூடாது. அன்னிக்குக் குழு முன்னால அந்தப் பேர நீங்கதான் சொல்லணும்."

சரி என்றேன். படியிறங்கும்போது தலைவலி போயிருந்தது.

மிஸ்ஸிக்கு முழுப் படத்தையும் அனுப்பினேன். கீழே எழுதினேன்: "ஓரம் அழியவில்லை. நான்தான் வெட்டினேன். வேதாசலம் என் கொள்ளுப்பாட்டனார். மன்னியுங்கள்." பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். காலைப் பலகாரம் முடிந்து, அண்ணி இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் சொன்னேன். பேரேட்டின் நகலை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார்.

"மூடி வெய்யி" என்றார்.

"ஊருக்குச் சொல்லப் போறேண்ணே. கிட்டங்கியில வெக்கப் போறோம்."

"பேரு வெச்சுக்க. போனவங்க பேரு மட்டும் வெச்சுக்க. இந்தக் கட்டம் எதுக்கு?"

"அது இல்லாட்டி அவங்களா நடந்து போயிக் கப்பல்ல ஏறுன மாதிரி ஆயிடும்."

"அந்தக் காலத்துல பஞ்சம். இங்க கெடந்து சாகறதுக்கு அங்க போயிப் பொழச்சாங்க. பொழைக்கலன்னா அந்தம்மா எப்படி ஏரோப்ளேன்ல வந்துச்சு?"

"ஓடிப்போய்ப் பிடிபட்டான்னு எழுதியிருக்குண்ணே. பொழைக்கப் போறவன் ஏன் ஓடுறான்?"

அவர் எழுந்துவிட்டார். "உன்னப் படிக்க வெச்சது இந்த வீடு. நீ போட்டுட்டுத் திரியற பட்டம் இந்த வீடு. இப்ப நடுத்தெருவுல வெச்சு இதத் துவைக்கப் போற."

"தெரியும்ணே. நான் சாப்பிட்ட சோத்துல அவங்க பங்கு இருக்கு. அதனாலதான் வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்றேன்."

"அப்ப என் வீட்ட உன் மேப்புலேருந்து எடுத்துடு. குழு வர்ற அன்னிக்குக் கதவு பூட்டியிருக்கும். நீயும் வராத."

என் வீடு என்று அவர் சொன்னது இதுவே முதல் தடவை. இதுவரை நம்ம வீடு.

பிப்ரவரி 24, திங்கள்

பெயர்களைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். இன்று 52.

பிப்ரவரி 25, செவ்வாய்

61. பழைய ஊர்ப் பெயர்களைப் படிக்க நேரமாகிறது.

பிப்ரவரி 27, வியாழன்

நிவேதனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டிவிட்டுச் சென்னைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். கிட்டங்கிக்குள் போய்த் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

"ஒரு ஊருக்கு ஒரு கதைன்னு சொன்னேன் மேடம். எட்டு வருசமா அதத்தான் வித்துட்டிருக்கேன். ரெண்ட ஒரே வாசல்ல எப்படி வெக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா 'கடல் தந்த செல்வம்' இனிமே வராது. எழுதக் கை போகல."

இருவரும் சேர்ந்து பதினைந்து வாசகம் எழுதி அடித்தோம். கடைசியில் நின்றது: "சங்குப்பட்டினம் – வந்தவரும் போனவரும்." எளிமையாக இருக்கிறது. பொய் இல்லை.

இன்று 40 பெயர்தான்.

மார்ச் 3, திங்கள்

லாட்ஜ் சங்கத் தலைவர் துரைக்கண்ணு நாலு பேரோடு வந்தார். "டீச்சர், ஜனங்க சந்தோசமா இருக்க டூர் வர்றாங்க. செத்தவன் லிஸ்ட்டப் படிக்கவா வருவாங்க? ஆள் பிடிச்ச ஊருன்னு பேராயிட்டா யாரு தங்குவா?"

"சொந்தக்காரங்க பேரத் தேடி வர்றவங்க தங்குவாங்க."

"யாரு வருவா?"

"ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டாங்க. உங்க லாட்ஜுலதான் ரெண்டு நாள் தங்குனாங்க."

அவர் ஒப்புக்கொண்டு போகவில்லை. ஆணையரிடம் மனு கொடுத்திருக்கிறார்.

83 பெயர். மிஸ்ஸியிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகாதது இரண்டாவது வாரம். முட்டைக் குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. 95.

மார்ச் 15, சனி

முடிந்தது. 1312. செல்லாயியின் குழந்தைக்கு ஒரு தனி வரி கொடுத்தேன். பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஆக 1313. இது வரலாற்று முறைக்கு ஒத்து வராது என்று எனக்குத் தெரியும். அடிக்குறிப்பில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

குழுவில் மூன்று பேர். கோயில், தர்கா, சர்ச், எல்லாம் நன்றாகப் போயிற்று. எங்கள் தெரு வழியாகத்தான் கிட்டங்கிக்குப் போக வேண்டும். சொன்னபடி கதவு பூட்டியிருந்தது. நான் நிற்காமல் நடந்தேன்.

கிட்டங்கிக்குள் வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து, நான்கு சுவரிலும் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு. நிவேதன் வேறு எந்த அலங்காரமும் செய்யவில்லை. வெயில் மேல் சன்னல் கம்பி வழியாக விழுந்துகொண்டிருந்தது.

மனப்பாடம் செய்து வைத்திருந்த முன்னுரை மறந்துவிட்டது. வகுப்பில் பேசுவது போலப் பேசினேன். கடைசியில், "இதில் எண்ணூற்று எழுபத்தாறு பேரை இங்கே கொண்டுவந்து அடைத்தவர் வேதாசலம். அவர் என் கொள்ளுப்பாட்டனார். நாம் இப்போது தாண்டி வந்த பெரிய வீடு அவர் கட்டியது. நான் அதில் பிறந்தேன்" என்றேன்.

குழுவில் இருந்த அம்மையார் கேட்டார்: "இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே. எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. எனக்குத் தெரியுமே."

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். துரைக்கண்ணு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, கீழவெண்ணிக்காரர்கள் இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னார். அவருடைய அம்மா ஊர் அது.

மார்ச் 22, சனி

செய்தித்தாளில் இரண்டு பத்தி வந்திருக்கிறது. மிஸ்ஸியிடமிருந்து, ஒரு மாதம் கழித்து, ஒரே வரி: "பேப்பர் பார்த்தேன் டீச்சர். இன்னும் கோபமாத்தான் இருக்கு. ஆனா ஜூன்ல வர்றோம், எட்டுப் பேரு."

மூன்று தடவை படித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். ஏழு வாரம் கழித்து. கையில் ஒரு பை முருங்கைக்காய். உட்காரவில்லை, சமையலறை வாசலில் நின்றார்.

"மொத்தம் எத்தன பேரு?"

"எண்ணூத்தி எழுவத்தாறு."

பையைத் தரையில் வைத்தார்.

"அப்பாவுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?"

"தெரிஞ்சிருக்காதுண்ணே."

"தெரியும்" என்றார். "நீ அப்ப கைப்புள்ள. ஒரு போகி அன்னிக்கு, மாடியில இருந்த பெட்டியத் தூக்கிட்டு வரச் சொன்னாரு. எல்லாம் பேரு, ரசீது, கைநாட்டு. நான்தான் ஒவ்வொண்ணா எடுத்து நெருப்புல போட்டேன். இது யாருப்பான்னு கேட்டேன். நம்ம சாப்பாடுன்னாரு. அதுக்கு மேல பேசல. நானும் யார்கிட்டயும் பேசல. உன்கிட்டயும்."

அப்போதுதான் உட்கார்ந்தார். நான் பொய்யை நாள் கணக்கில் சுமந்தேன். அவர் நாற்பத்தைந்து வருடம் சுமந்திருக்கிறார். முருங்கைக்காயை நறுக்கினேன். சாம்பார் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 30, புதன்

முடிவு வந்தது. இரண்டாம் இடம். இரண்டாம் இடத்துக்கு எதுவும் கிடையாது.

நிவேதன் போனில் அழாத குறை. பேகம் மேடம் மேசையைத் தட்டினார். "குழு இல்லாட்டி ஊர் இல்லையா? கிட்டங்கிய மூடப் போறதில்ல. குப்ப வண்டிக்கு வேற இடம் பாத்தாச்சு. டீச்சர், நீங்க ஸ்கூலுக்குத் திரும்பிடுவீங்களா?"

"ஜூலை வரைக்கும் நாள் இருக்கு மேடம். அதுக்கப்புறம் சனி, ஞாயிறு வர்றேன்."

பினாங்கு, ஈப்போ, கிள்ளான் என்று இதுவரை இருபத்து மூன்று குடும்பம் எழுதிவிட்டது. ஒன்பது பேருக்குப் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர் மாறியிருக்கிறது. விட மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மிஸ்ஸி வீட்டார் நாளை மறுநாள் வருகிறார்கள். அண்ணன் கேட்டார்: "எங்க தங்குறாங்க?"

"துரைக்கண்ணு லாட்ஜுல."

"முன்கட்டுல ரெண்டு ரூமும் சும்மாதானே கெடக்கு. கேட்டுப் பாரு."

கேட்டேன். மிஸ்ஸி சொன்னார்: "அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வராது டீச்சர். தப்பா நெனைக்காதீங்க. ஆனா ஒருவேள சாப்பிட வர்றோம்."

அண்ணனிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினார். "நியாயந்தான்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

எட்டுப் பேரும் பத்து மணிக்குக் கிட்டங்கிக்கு வந்தார்கள். மிஸ்ஸியின் தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். என் கைகளைப் பிடித்துக்கொள்ளவில்லை மிஸ்ஸி. வணக்கம் சொன்னார். போதும்.

அண்ணன் வேட்டி சட்டையில் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தார். இந்தக் கட்டடத்துக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. நான் பேரேட்டுப் பக்கத்தை எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பேச்சு கேட்டது.

மிஸ்ஸியின் தம்பி பேத்தி, பத்தொன்பது இருபது வயதுப் பெண், துணிச்சுவர் முன்னால் நின்றாள். தம்பி வீட்டார் எல்லோரும் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், பேசத் தெரிந்தாலும் தமிழ் படிக்கத் தெரியாது. மிஸ்ஸி மூக்குக் கண்ணாடியை லாட்ஜில் விட்டுவிட்டார். அந்தப் பெண் வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே? எங்க தாத்தா எதுல இருக்காருன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

அண்ணன் என்னைத் தேடினார். நான் தூரத்தில் இருந்தேன். நானே போய்ப் படித்திருக்கலாம். போகவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி மாரியைக் கண்டுபிடித்தார். ஆரம்பத்திலிருந்து படித்தார்.

"மாரி. தகப்பன் சின்னான். வயசு பத்தொம்பது. ஊர் கீழவெண்ணி. ஓடிப்போய்ப் பிடிபட்டு, கப்பல் ஏறினான்." விரலைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தினார். "ஆள் கொண்டுவந்தவர், சங்குப்பட்டினம் வேதாசலம்."

"அது யாரு அங்கிள்?"

மிஸ்ஸி அண்ணன் முகத்தைப் பார்த்தபடி நின்றார். உதவிக்கு வரவில்லை.

"எங்க பாட்டனாரோட அப்பா" என்றார் அண்ணன். "நான் அவரு வீட்டுலதான் இருக்கேன்."

அண்ணன் விரலை எடுக்கவில்லை. மாரிக்கு அடுத்த வரிக்கு நகர்த்தி, அதைப் படித்தார். அதற்கடுத்ததைப் படித்தார். அவர்கள் யாருக்கும் அந்தப் பெயர்கள் உறவில்லை. இருந்தும் எட்டுப் பேரும் நின்று கேட்டார்கள். மிஸ்ஸி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சாப்பாடு ஆறிவிட்டது என்று அண்ணி இரண்டு தடவை போன் செய்தார். மூன்று மணிக்குத்தான் போனோம்.